ஜெர்மனி போகும் சேலத்துத் தம்பி தங்கைகளுக்கு: காதில் எதை மாட்டுவது, எதை நம்பிவிடக் கூடாது

மூன்று வார விடுப்பில் சேலம் வந்திருக்கிறேன். வந்த மறுநாளே அம்மாப்பேட்டை வீட்டுக்கு நான்கு பேர் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் அக்டோபரில் ஜெர்மனியில் செமஸ்டர் தொடங்குகிறது. கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த பாட்காஸ்ட் கேட்டா ஜெர்மன் சீக்கிரம் வரும்?" அம்மா கொடுத்த தட்டுவடை செட் தீர்ந்த பிறகும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அன்று சொன்னதையும், சொல்ல மறந்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். ஆனால் பெயர்களுக்குப் போகும் முன், ஒரு பாட்காஸ்டை நம்பி நான் 273 யூரோ கட்டிய கதையைச் சொல்லியாக வேண்டும்.

அரசாங்க வேலைகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற ப்ளாக்டு அக்கவுண்டில் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. வீடு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு, அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள். மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு. இவற்றையெல்லாம் உங்கள் சீனியர்கள் நன்றாகவே சொல்லித் தருவார்கள். ஒன்றை மட்டும் நான் சேர்க்கிறேன். தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். நம் தெருவில் அப்பா பெயரைச் சொன்னால் போஸ்ட்மேன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கொடுத்துவிட்டுப் போவார். அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வரி எண்ணும் வங்கி அட்டையும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.

எனக்கு வந்த வினையும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்தது.

2022 அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்தில் இருக்கும் கெம்னிட்ஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கிளம்புவதற்கு முன் ஆறு மாதம், தறிப் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடக்கும்போதெல்லாம் ஒரு தமிழ் பாட்காஸ்ட் கேட்பேன். ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் பேசுவார். நிதானமான குரல், அக்கறையான பேச்சு. ஒரு பகுதியில் சொன்னார்: "டிவி, ரேடியோவுக்குக் கட்டணம் கேட்டு லெட்டர் வரும். வீட்ல டிவி இல்லைன்னா கண்டுக்காதீங்க." என்னிடம் டிவியும் இல்லை, ரேடியோவும் இல்லை. கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. அந்தக் குரல் ஞாபகம் வந்தது. கடிதத்தை இனிப்புப் பெட்டிக்குள் போட்டேன். மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அதையும் போட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேதனை. அவர் அங்கே இருந்த காலத்தில் கட்டணம் கருவிக்குத்தான் இருந்தது. 2013 ஜனவரி 1 முதல் அது வீட்டுக்கு என்று மாறிவிட்டது. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. முகவரிப் பதிவு செய்த விவரம் கட்டண அலுவலகத்துக்குத் தானாகவே போய்விடும். கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் அவர்களே உங்களைப் பதிவு செய்து, நீங்கள் குடிவந்த மாதத்திலிருந்து கணக்குப் போடுவார்கள். அவர் 2011-லேயே ஊர் திரும்பியவர். தன் நினைவிலிருந்து பேசினார். கேட்ட எனக்கு அவர் எந்த வருடத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

2023 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஊரில் குடும்பத்தோடு இருக்கும் நாமக்கல் அண்ணன் ஒருவர் என் அறைக்கு வந்தார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. இனிப்புப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்னப்பா இது, ஒண்ணுக்கும் பதிலே போடலயா?" கடைசிக் கடிதத்தை எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். 14 மாதத்துக்கு 257.04 யூரோ. தாமதக் கட்டணம் இரண்டு முறை, எட்டெட்டாகப் பதினாறு. கட்டாவிட்டால் வங்கிக் கணக்கு வரைக்கும் கை வைக்க முடியும் என்று கீழே எழுதியிருந்தது. என் அறை வாடகையே அப்போது 260 யூரோ. அந்த மாதம் மதிய உணவுக்கு ரொட்டியும் தயிரும்தான். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. 18 யூரோ பெரிய தொகை இல்லை. யாரோ ஒருவர் மாதாமாதம் கட்டு என்று சொல்லியிருந்தால் கட்டியிருப்பேன்.

ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள். கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்ற இருவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மூன்று பேருக்கும் தனித்தனியாக வரும். மாணவர் விடுதியில் பொதுத் தாழ்வாரத்திலிருந்து நேராகத் திறக்கும் தனி அறை என்றால் அதுவே ஒரு வீடு என்று கணக்கு. சமையலறையும் வாசலும் பொதுவாக இருக்கும் கூட்டு வீடு என்றால் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. அரசு உதவித்தொகை வாங்கும் ஜெர்மன் மாணவர்கள் விலக்குக் கேட்கலாம். சொந்தப் பணத்தில் படிக்கப் போகும் நமக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது. தொகை மாறக்கூடியது, கட்டும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை அப்பாவிடம் போனில் சொன்னபோது, திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "அது ரேடியோ லைசென்ஸ்தானேப்பா" என்றார். தாத்தாவின் ரேடியோவுக்கு வருடா வருடம் தபால் ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவது சிறுவயதில் அப்பாவின் வேலையாம். எண்பதுகளில் அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. எனக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை மாற்றியது: "பணம் கட்டறியே, ரேடியோ கேக்கறியா?"

கேட்கவில்லை. அந்த வாரம்தான் கேட்கத் தொடங்கினேன்.

சரி, இப்போது பெயர்கள்.

ஏ1, அதாவது மொழிப் படிப்பின் முதல் நிலை முடித்தவர்கள் 'டாய்ச், வாரும் நிஹ்ட்?' என்ற தொடரிலிருந்து தொடங்குங்கள். டாய்ச்ச வெல்ல வானொலியின் பழைய பாடத்தொடர். ஆந்திரேயாஸ் என்ற மாணவன் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான். அவனோடு கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் என்ற ஒருத்தி. கதை எளிமையானது, ஆனால் அடுத்த பாகத்தில் என்ன ஆகும் என்று கேட்க வைக்கும். இலவசம்தான். டாய்ச்ச வெல்லவுக்கு நம் 18.36 யூரோவிலிருந்து எதுவும் போவதில்லை, அது அரசின் வரிப்பணத்தில் நடக்கிறது.

நாம் கட்டும் அந்தக் கட்டணத்தில் நடக்கும் பொது வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சிறுவர் நிகழ்ச்சி. 'தி மவுஸ் ட்சும் ஹோரன்' என்று தேடுங்கள். 1971 முதல் தொலைக்காட்சியில் ஓடும் சுண்டெலி நிகழ்ச்சியின் ஒலி வடிவம். பென்சில் எப்படிச் செய்கிறார்கள், மழை ஏன் பெய்கிறது என்கிற மாதிரி விளக்கங்கள். குழந்தைகளுக்குச் சொல்வதால் சொற்கள் எளிமையாக இருக்கும், ஆனால் பேச்சின் வேகமும் ஏற்ற இறக்கமும் நிஜமானவை. தொலைக்காட்சியில் அன்றைய நிகழ்ச்சியில் என்னென்ன வரப்போகிறது என்று முதலில் ஜெர்மனிலும், பிறகு வேறு ஏதாவது ஒரு மொழியிலும் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் நினைத்துச் செய்த ஏற்பாடு. தனியாக அறையில் உட்கார்ந்து முதல்முறை பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்தது 'நாஹ்ரிஹ்டன்லைஹ்ட்'. டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, அந்த வாரச் செய்திகளை எளிய ஜெர்மனில் தருகிறது. எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். மூன்று முறை கேளுங்கள்: எழுத்தைப் பார்க்காமல், பார்த்துக்கொண்டு, மறுபடி பார்க்காமல். மூன்றாவது முறை வாய்விட்டுக் கூடவே சொல்லுங்கள். மூன்றாம் நிலையான பி1 தாண்டியதும் டாய்ச்ச வெல்லவின் மெதுவாக வாசிக்கும் செய்திக்குப் போகலாம். திங்கள் முதல் சனி வரை உண்டு. மெதுவாக வாசிக்கிறார்களே தவிர, சொற்கள் உண்மையான செய்திச் சொற்கள். முதலிலேயே அதில் கை வைத்துச் சோர்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ட்ராமுக்கு நிற்கும்போது 'டாகஸ்ஷாவ் இன் 100 செக்குண்டன்' போதும், நூறு விநாடியில் நாட்டுநடப்பு முடிந்துவிடும்.

தனியார் முயற்சிகளில் இரண்டு. முனிக்கிலிருந்து ஆனிக் ரூபன்ஸ் 2007 முதல் நடத்தும் 'ஸ்லோ ஜெர்மன்': ஜெர்மானிய வாழ்க்கையைப் பற்றிச் சிறுசிறு பகுதிகள், தெளிவான உச்சரிப்பு. 'ஈஸி ஜெர்மன்': காரியும் மானுவேலும் நண்பர்கள் பேசிக்கொள்வது போலப் பேசுவார்கள். முதல் மாதம் பாதிதான் புரியும். விடாமல் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஜெர்மனில் துணை வாக்கியம் வந்தால் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆங்கிலம் மட்டும் பழகியவர்கள் அந்த இடத்தில் தவிப்பார்கள். நாம் பிறந்ததிலிருந்தே வினைக்காகக் காத்திருந்து பழகியவர்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பார்க்காமல் தமிழில் வைத்துப் பாருங்கள், வாக்கியம் தானாக உட்காரும். எண்களில்தான் தடுமாறுவீர்கள். 24 என்பதை நான்கும் இருபதும் என்று சொல்வார்கள். நான் 42-ஆம் எண் வீட்டுக்குப் போக வேண்டிய இடத்தில் 24-ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். வானிலை அறிக்கையைக் கேட்டு வெப்பநிலையை எழுதிப் பழகுங்கள்.

கெம்னிட்ஸ், ட்ரெஸ்டன், லைப்சிக் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சாக்சனிக்காரர்கள் வல்லினத்தைத் தளர்த்திப் பேசுவார்கள். 'கல்'லில் வரும் க இருக்க வேண்டிய இடத்தில் 'தங்க'த்தில் வரும் க கேட்கும். 'பல்'லின் ப, 'அன்பி'ன் ப ஆகிவிடும். நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் பழகுவது கஷ்டமில்லை. அந்தப் பகுதிக்கான எம்.டி.ஆர். வானொலியில் நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

போன வாரம் அந்த நால்வரோடு ஏற்காடு போனேன். அடிவாரம் தாண்டி நான்காவது ஐந்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே பாட்காஸ்ட் நின்றுவிட்டது, சிக்னல் இல்லை. இருபது வளைவும் முடிகிற வரை ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஜெர்மனியிலும் ரயில் காட்டுக்குள் நுழைந்தால் சிக்னல் போய்விடும். மேலே ஏரிக்கரையில் உட்கார்ந்து சுண்டெலி நிகழ்ச்சி ஒன்றைக் கேட்டோம். குளிர் காற்றும் மிளகுக்கொடி சுற்றிய மரங்களுமாக இருந்தது. ஒரு தங்கை கேட்டாள்: "இதெல்லாம் கேட்டு உங்களுக்கு நெஜமாவே பேச வந்துச்சாண்ணா?"

வந்தது. கெம்னிட்ஸ் ஒரு காலத்தில் சாக்சனியின் மான்செஸ்டர் என்று பேர் வாங்கிய நெசவு ஊர். அங்கே தொழில் அருங்காட்சியகத்தில் பழைய தறிகளை வைத்திருக்கிறார்கள். போன வருடம் அங்கே போனபோது, விளக்கம் சொன்ன பெரியவர் 'கெட்டே', 'ஷுஸ்' என்றார். கெட்டே என்றால் சங்கிலி என்றுதான் படித்திருந்தேன். தறியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: பாவும் ஊடையும். என் அப்பா நெசவாளர், எங்கள் ஊரில் இந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுவோம் என்று அவரிடம் ஜெர்மனிலேயே சொன்னேன். நாடாவுக்கு அவர்கள் 'ஷிஃப்ஹென்' என்கிறார்கள், குட்டிக் கப்பல். பெரியவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். அரைமணி நேரம் பேசினோம், ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லை. அன்றிரவு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

தமிழும் காதில் விழட்டும். அப்பா பட்டறையில் காலைச் செய்தி ஓடும், சரோஜ் நாராயண்சுவாமியின் குரல் தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்குமாம். ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் தமிழ் நிலையங்களை அங்கேயும் கேட்கலாம். கோடையில் நேர வித்தியாசம் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை. நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அந்த மாதங்களில் இது இல்லாமல் எனக்கு முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழும் நன்றாகச் செய்கிறார்கள், புதிதாகக் குடியேறுவோருக்கான பகுதிகளும் உண்டு. கேளுங்கள், ஆனால் அதில் சொல்லும் விதிகள் ஆஸ்திரேலியாவுக்கானவை. பணம், விசா, வாடகை பற்றி யார் பேசினாலும், எவ்வளவு அன்பான குரலாக இருந்தாலும், எந்த நாடு, எந்த வருடம் என்று முதலில் பாருங்கள். பிறகு கையில் இருக்கும் கடிதத்தை ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

நால்வரில் முதலில் கிளம்புகிறவன் செப்டம்பர் கடைசியில் போகிறான். அவன் போனில் இருபது பகுதிகளை இறக்கி வைத்துவிட்டேன். அம்மா பருப்புப்பொடியும் ஏற்காட்டுக் காப்பித்தூளும் கட்டிக் கொடுத்திருக்கிறார். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் அவன் பெயரை ஸ்டிக்கராக அடித்து, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன். தபால் பெட்டிக்கு ஒன்று, வாசல் மணிக்கு ஒன்று.