கோம், பிரஷ்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் எழுதவும் அதிலிருந்து மொழிபெயர்க்கவும் பழகுகிறவர்கள் அகராதியைத் தொடாமலே தாண்டிப் போகும் சொற்களில் கோம் (comb), பிரஷ் (brush) இரண்டும் உண்டு. தலை வாருகிற சொற்கள்தானே, இதில் என்ன இருக்கிறது என்ற தைரியம். புதியவர்களின் பக்கங்களைத் திருத்த உட்கார்ந்தால் அதே தவறுகள் ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுத்துப்பிழைகளை விட்டுவிடுவோம். பொருளைப் புரட்டிப் போடுகிறவற்றை மட்டும் பார்ப்போம்.

கோம் சொல்லில் கடைசி எழுத்தான b-ஐ ஒலிப்பது

ஒலிக்கக் கூடாது. கோமிங், கோம்டு என்று நீளும்போதும் அது ஊமைதான்.

பிரஷ்ஷுக்குப் பின்னால் வரும் சின்னச் சொல்லை விட்டுவிடுவது

அதிகச் சேதம் செய்வது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வருவதால் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

பிரஷ் அப் என்றால் ஏற்கெனவே கற்றுத் துருப்பிடித்துப் போனதைத் தீட்டிக்கொள்வது. புதிதாகக் கற்பதற்கு அது பொருந்தாது. தொட்டே பார்க்காத ஒரு மொழியை ‘பிரஷ் அப் செய்கிறேன்’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினால், படிப்பவர் உங்களுக்கு அந்த மொழி முன்பே தெரியும் என்று எடுத்துக்கொள்வார். நேர்காணலில் அதிலிருந்தே கேள்வி வரும்.

பிரஷ் ஆஃப் நேர் எதிர்த்திசை. சட்டையில் ஒட்டிய தூசு விஷயத்தில் தட்டிவிடுவது. மனிதர் விஷயத்தில் தட்டிக்கழிப்பது. ‘உங்கள் கருத்துகளை வைத்து வரைவை மெருகேற்றியிருக்கிறேன்’ என்று சொல்ல நினைத்து, ‘உங்கள் கருத்துகளை பிரஷ் ஆஃப் செய்துவிட்டேன்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் படிப்பது என்ன? ‘நீங்கள் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை.’ ஒரே ஒரு இடைச்சொல்லில் பணிவு அவமதிப்பாகிவிடுகிறது. பிரஷ் அசைடும் இதே குடும்பம்: எதிர்ப்பை, கவலையை ஒதுக்கித் தள்ளுவது. பிரஷ் பாஸ்ட் என்றால் ஒருவரை உரசிக்கொண்டு கடந்து போவது.

இன்னும் ஆபத்தானது பிரஷ் வித். ஒருவருக்குச் சட்டத்தோடு ‘பிரஷ்’ ஏற்பட்டது என்றால் அவர் சட்டம் படித்தார் என்றோ, காவல்துறையில் அவருக்குப் பழக்கம் உண்டு என்றோ பொருளல்ல. சட்டத்தோடு ஒருமுறை உரசிக்கொண்டார், சிக்கலில் மாட்டப் பார்த்தார் என்று பொருள். மரணத்தோடு ‘பிரஷ்’ என்றால் மயிரிழையில் உயிர் தப்பியது. இதைத் தவறாகப் பெயர்த்தால் ஒரு மனிதரின் வரலாறே மாறிவிடும்.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயமே அல்ல. எடுத்துக்காட்டினான், எடுத்தெறிந்து பேசினான் என்ற இரண்டிலும் ‘எடுத்து’ இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை. அதே காதோடு ஆங்கிலத்தையும் கேட்க வேண்டும். பிரஷ் என்ற வினையைக் கண்டதும் பேனாவை நிறுத்தி, அடுத்த சொல் அப், ஆஃப், அசைடு, பாஸ்ட் இவற்றில் எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ‘எ பிரஷ் வித்’ என்று வந்தால் அது பெயர்ச்சொல். உரசல் என்று தொடங்குங்கள்.

வாழைப்பழச் சீப்பை கோம் என்பது

ஆங்கிலத்தில் அது ஹேண்ட். முழுத் தார் பன்ச், ஒற்றைப் பழம் ஃபிங்கர்.

காட்டைச் ‘சீவுவது’

காவலர்கள் காட்டை கோம் செய்தார்கள் என்றால் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஆவணங்களை கோம் செய்தாலும் அதே தேடல்தான்.

கோம்டு, பிரஷ்டு இரண்டையும் ஒன்றாக்குவது

துணி விவரங்களை மொழிபெயர்க்கிறவர்கள் இரண்டுக்கும் ‘சீவிய பருத்தி’ என்று போட்டுவிடுகிறார்கள். கோம்டு காட்டனில் வேலை நடப்பது நூற்பதற்கு முன்பு. குட்டை இழைகளைக் களைந்து, நீண்ட இழைகளை ஒரே திசையில் படிய வைக்கிறார்கள். அதனால் நூல் வழவழப்பாகவும் உறுதியாகவும் வரும். பிரஷ்டு காட்டனில் வேலை நடப்பது நெய்த பிறகு. மெல்லிய கம்பி முனைகள் கொண்ட உருளைகள் துணியின் மேற்பரப்பைக் கிளறி, பூம்பஞ்சு போல இழைகளை எழுப்பிவிடும். முன்னது வழவழப்பு, பின்னது கதகதப்பு. மாற்றி எழுதினால் வாங்குகிறவர் கேட்டது ஒன்று, கைக்கு வருவது வேறொன்று. எஃகுப் பாத்திரத்தில் பிரஷ்டு என்றிருந்தால் அது இன்னொரு கதை: பளபளப்பைக் குறைத்து, ஒரே திசையில் மெல்லிய கோடுகள் இழுத்த மேற்பரப்பு.

தேனடையும் தேனீப்பெட்டியும்

கோம் என்பது மெழுகாலான அடை, பெட்டி அல்ல. ஒரு பெட்டிக்குள் பல அடைகள் இருக்கும். சேவலின் தலையில் இருந்தால் கொண்டை.

புதரைத் தூரிகை ஆக்குவது

முன்னால் ‘எ’ (a) இல்லாமல், நிலத்தைப் பற்றிய பேச்சில் பிரஷ் வந்தால் பெரும்பாலும் புதர்க்காடு. பிரஷ் ஃபயர் என்பது புதர்த் தீ.

மோட்டாரில் மயிர் தேடுவது

மோட்டார் பிரஷ்ஷில் மயிர் இல்லை. அது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் கட்டி. ஆரம்பத்தில் செம்புக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்துப் பயன்படுத்தியதால் ஒட்டிக்கொண்ட பெயர். இங்கே ‘தூரிகை’ என்று எழுதினால் பழுது பார்ப்பவருக்குப் புரியாது. கார்பன் பிரஷ் என்றே விடுங்கள். உரசி உரசித் தேய்வதால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த உரசலே கிடையாது.