ரெவிட் மாதிரியை எனர்ஜிபிளஸுக்குக் கொண்டுபோவது: ஜிபிஎக்ஸ்எம்எல் வழி

ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் கட்டடக்கலைஞர் வரைந்த மாதிரியில் சுவருக்குத் தடிமன் உண்டு, படிக்கட்டுக்குக் கைப்பிடி உண்டு, சில சமயம் சோபாகூட உண்டு. கட்டடத்தின் வெப்பச் சுமையையும் ஆற்றல் செலவையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸுக்கு, வடிவத்தைப் பொறுத்தவரை, அவை எதுவும் தேவையில்லை. காற்று அடைபட்ட வெளிகளும் (ரெவிட்டில் இவற்றின் பெயர் ‘ஸ்பேஸ்’) அவற்றைச் சூழ்ந்த தடிமனற்ற பரப்புகளும் இருந்தால் போதும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாதிரியைக் கொண்டுசெல்லும் ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பு சுமந்துபோவதும் அதைத்தான். ஒவ்வொரு பரப்புக்கும் அதன் வகை, முனைகளின் ஆயத்தொலைவுகள், அதை ஒட்டியிருக்கும் வெளியின் அடையாளம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். வெளிச்சுவரை ஒட்டி ஒரு வெளி, உள்சுவரை ஒட்டி இரண்டு வெளிகள், நிழல் தரும் பரப்பை ஒட்டி எதுவும் இல்லை.

பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒட்டு விவரத்தில்தான் வரும். கழிப்பறை, லிஃப்ட் குழி, டக்ட் போன்ற இடங்களுக்கு ஸ்பேஸ் வைக்காமல் விட்டால், அவற்றை ஒட்டிய உள்சுவர் மறுபக்கம் ஆளில்லாததால் வெளிச்சுவராகவே ஏற்றுமதியாகும். கட்டடத்தின் நடுவிலிருக்கும் லிஃப்ட் சுவர்மேல் வெயில் அடிப்பதாக எனர்ஜிபிளஸ் கணக்குப் போடும்; குளிரூட்டும் சுமை ஏறும்; பிழைச் செய்தியோ ஒன்றும் வராது. அதனால் ஏசி இருக்கிறதோ இல்லையோ, கூரைக்குள் இருக்கும் எல்லா இடத்துக்கும் ஸ்பேஸ் வையுங்கள்.

ஏற்றுமதிக்கு முன் ரெவிட்டில் செய்ய வேண்டியவை:

1. ஏரியா அண்ட் வால்யூம் கம்ப்யூடேஷன்ஸ் பெட்டியில் ‘ஏரியாஸ் அண்ட் வால்யூம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கனஅளவே கணக்கிடப்படாது.

2. கட்டடக்கலைஞரின் கோப்பை லிங்க் செய்து வேலை செய்கிறீர்கள் என்றால், அந்த லிங்கின் டைப் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரூம் பவுண்டிங்’ (ஸ்பேஸுக்கு எல்லையாக எடுத்துக்கொள் என்ற அமைப்பு) டிக் ஆகியிருக்க வேண்டும். எம்இபி (ஏசி, மின்சாரம், குழாய்) ஆட்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். மறந்தால் ஸ்பேஸ் சுவரைக் காணாமல் வழிந்தோடும்.

3. ஸ்பேஸின் மேல் எல்லையை மேல் தளத்துக்கும் சற்று மேலே வையுங்கள். ஸ்லாபே அதை வெட்டிக்கொள்ளும். ஸ்லாபுக்குக் கீழேயே நின்றுவிட்டால் இடையில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடைவெளி உருவாகும். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் இரண்டே வழி: அதன் ரூம் பவுண்டிங்கை எடுத்துவிடுங்கள், அல்லது அதற்கு மேலே உள்ள பிளீனம் என்ற காலி இடத்துக்குத் தனி ஸ்பேஸ் கொடுங்கள்.

4. அறைக்கு நடுவே நிற்கும் தூண்களுக்கு ரூம் பவுண்டிங் வேண்டாம். ஒவ்வொன்றும் நான்கைந்து துண்டுப் பரப்புகளைக் கூட்டிவரும்.

5. ட்ரூ நார்த் சரியா என்று பாருங்கள். வரைபடத்தின் வடக்கும் உண்மையான வடக்கும் வேறு என்றால், இறக்குமதிக்குப் பிறகு மேற்குச் சுவர் மேற்கேதான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

6. மெட்டீரியல்களில் வெப்பக் கடத்துத்திறன், அடர்த்தி, தன்வெப்பம் நிரப்பப்பட்டிருக்கிறதா? பார்வைக்குச் செங்கல் நிறம் பூசியிருப்பதால் மட்டும் அது செங்கல் ஆகிவிடாது.

இனி ஏற்றுமதி. ரெவிட் இரண்டு வழி தருகிறது. எனர்ஜி செட்டிங்ஸ் வழியில் ரெவிட்டே பகுப்பாய்வு மாதிரியை உருவாக்கிக்கொள்ளும். திட்டத்தின் தொடக்க நிலைக்கு அது சரி. நீங்கள் வைத்த ஸ்பேஸ்கள் அப்படியே போய்ச் சேர வேண்டுமென்றால் ரூம்/ஸ்பேஸ் வால்யூம் வழியைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் டீடெய்ல்ஸ் தாவலில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி உள்ள ஸ்பேஸ்களை அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

முழுக் கட்டடத்தை அனுப்புமுன் ஒட்டிய இரண்டு அறைகள் கொண்ட ஒரு மாடிப் பெட்டியை அனுப்பிப் பாருங்கள். வெளிச்சுவர் 6, உள்சுவர் 1, தரை 2, கூரை 2, ஆக 11 பரப்புகள் வர வேண்டும். கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு என்பதால் நோட்பேடிலேயே திறந்து, பரப்பு வகையின் பெயரைத் தேடி எண்ணிவிடலாம். உள்சுவர் வராமல் வெளிச்சுவர் 8 வந்திருந்தால் பொதுச்சுவர் இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று பொருள். கோப்பின் தலைப்பகுதியில் நீள அலகு மீட்டரா அடியா என்பதையும் அப்போதே பாருங்கள்.

ரெவிட்டில் பார்த்த பரப்பளவும் எனர்ஜிபிளஸில் வருவதும் வேறுபட்டால் பதற வேண்டாம், ஆனால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளளவு 6 × 4 மீட்டர் உள்ள அறை 24 சதுர மீட்டர். 230 மில்லிமீட்டர் சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால் 6.23 × 4.23, அதாவது 26.35 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இத்தனை வாட் என்று விளக்குச் சுமை கொடுத்திருந்தால் அதுவும் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடிவிடும். சிறிய அறைகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

எனர்ஜிபிளஸை இயக்க உதவும் ஓப்பன்ஸ்டூடியோவில் ஃபைல், இம்போர்ட், ஜிபிஎக்ஸ்எம்எல் என்று திறந்து, வானிலைக் கோப்பையும் டிசைன் டே (கடும் வெப்ப, குளிர் நாள்) கோப்பையும் தனியாகக் கொடுங்கள். ஒருமுறை ஓடவிட்டதும் முதலில் படிக்க வேண்டியது முடிவுகளை அல்ல, ‘.எர்’ என்று முடியும் பிழைக் கோப்பை. தரை தலைகீழாக இருக்கிறது என்று வந்தால் முனைகளின் வரிசை திரும்பியிருக்கிறது. ஜன்னலை அதன் சுவர் முழுதாகச் சூழவில்லை என்று வந்தால் பெரும்பாலும் இரண்டு மாடிக்கு ஒரே கண்ணாடி ஓடியிருக்கும். ரெவிட்டில் அதை மாடிவாரியாகப் பிரியுங்கள்.

திருத்தங்களை ஓப்பன்ஸ்டூடியோவில் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். வடிவமைப்பு மாறி அடுத்த கோப்பு வரும்போது அத்தனையும் மீண்டும் கையால் செய்ய வேண்டியிருக்கும். வடிவப் பிழைகளை ரெவிட்டிலேயே திருத்துங்கள். ஆட்கள், விளக்கு, கால அட்டவணை ஆகியவற்றை ஸ்பேஸ் டைப்களாகத் தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு இறக்குமதிக்குப் பிறகும் ஸ்பேஸ் பெயரைக் கொண்டு பொருத்துங்கள். அதற்கு ஸ்பேஸ் பெயர்களும் எண்களும் திட்டம் முடியும்வரை மாறக்கூடாது. இதைக் கட்டடக்கலைஞரிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.