ரஷ்ய மொழிக்குத் தமிழ் வழியாகப் போங்கள்: கசானுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு

ரஷ்யாவின் கசான் நகருக்கு மருத்துவம் படிக்க வருகிற நம் பிள்ளைகள் பலரும் ஒரே நினைப்போடுதான் வந்து இறங்குகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில், தேர்வு ஆங்கிலத்தில், ரஷ்ய மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் இரண்டு வருடத்தைக் கழித்தேன். மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் போனதும்தான் விஷயம் புரிந்தது. நோயாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நாம் கேட்பது அவருக்கும், அவர் சொல்வது நமக்கும் புரியாவிட்டால் அங்கே நிற்பதில் பயனே இல்லை.

அன்று ஒரு வயதான அம்மாவிடம் சிறுநீரகம் வலிக்கிறதா என்று கேட்கப் போனேன். சிறுநீரகத்துக்கு இங்கே 'போச்கா' என்று பெயர். நோட்டில் தமிழில்தான் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்தே கேட்டேன். அவர் புரியாமல் விழித்தார். நான் சொன்ன சொல்லுக்குப் பீப்பாய் என்று பொருள். இரண்டையும் தமிழில் 'போச்கா' என்றுதான் எழுத முடியும். சிறுநீரகத்துக்கு முதல் எழுத்து 'பல்' என்பதில் வரும் ப. பீப்பாய்க்கு 'பந்து' என்பதில் வரும் ப. அவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் விரல்களை எடுத்து என் தொண்டையிலேயே வைத்து, இரண்டு சொல்லையும் மாறி மாறிச் சொல்லச் சொன்னார். பீப்பாய்க்குச் சொல் தொடங்கும்போதே தொண்டை அதிர்ந்தது. சிறுநீரகத்துக்கு அந்த ப-வில் அதிர்வு இல்லை.

அதனால் முதல் வாரமே 33 எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்து ரஷ்யச் சொல்லை மனப்பாடம் செய்யாதீர்கள். எழுத்துகளைப் படிக்க நான்கைந்து நாள் போதும். ஆங்கில 'பி' (P) மாதிரி இருப்பது இங்கே 'ர', 'எச்' மாதிரி இருப்பது 'ந', 'சி' மாதிரி இருப்பது 'ஸ'. கடைப் பலகைகளைப் படித்தபடி நடங்கள். அப்த்யேக்கா என்றால் மருந்துக் கடை, ப்ரதுக்தி என்றால் மளிகைக் கடை. கசானில் இந்தப் பகுதி மக்களின் தத்தார் மொழியிலும் பலகை இருக்கும். அதில் கூடுதலாக ஆறு எழுத்து உண்டு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கையெழுத்து வேறு கதை. கையால் எழுதும் 'த' ஆங்கில 'எம்' மாதிரி வரும். மருத்துவர்கள் எழுதும் குறிப்பை வாசிக்க வேண்டியிருக்கும் என்பதால் கையெழுத்தையும் ஆரம்பத்திலேயே பழகுங்கள்.

எழுத்து முடிந்ததும் எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கண நூலைத் தேடுவார்கள். அது வேண்டாம் என்பதுதான் இந்த வழிகாட்டியில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. ஆங்கிலம் பேசுகிறவருக்குக் கடினமாக இருக்கும் பல இடங்கள் நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து அந்த வசதியை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

'நான் மாணவி' என்கிறோம். நடுவில் வேறு வினை வேண்டியதில்லை. அவர்களும் 'யா ஸ்துத்யேன்த்கா' என்று விட்டுவிடுகிறார்கள். 'எனக்குக் குளிருது' என்பதற்கு 'ம்னே ஹோலத்னா'. அதில் ம்னே என்பது அப்படியே நம் 'எனக்கு'. 'எனக்கு இருபது வயது', 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கும் அதே ம்னேதான். 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்வது போலவே 'உ மின்யா யேஸ்த்'. ஆங்கிலத்தில் யோசித்து வாக்கியம் அமைத்தால் இதில் ஒன்றும் இயல்பாக வராது.

வேற்றுமை என்றதும் பயப்படுகிறார்கள். நம்மிடம் எட்டு இருக்கிறது, அவர்களிடம் ஆறுதான். 'க்னீகா' புத்தகம், 'க்னீகு' புத்தகத்தை. பேனாவால் எழுதுவதும் நண்பனோடு போவதும் நமக்கு மூன்றாம் வேற்றுமை. அங்கேயும் இரண்டும் ஒரே வேற்றுமைதான், நண்பனுக்கு முன்னால் மட்டும் 'ஸ்' என்று ஒரு சொல் சேரும். 'இருந்து' என்று நாம் சொல்லும் நீங்கல் பொருளுக்குத் தனி உருபு கிடையாது, 'அத்' போன்ற முன்சொல்லை வைத்து நம் ஆறாம் வேற்றுமைக்கு இணையானதாலேயே சமாளிக்கிறார்கள். கடைக் கதவுகளில் 'அத் செப்யா' என்று எழுதியிருக்கும். 'உன்னிடமிருந்து', அதாவது தள்ளு. 'நா செப்யா' என்றால் உன் பக்கம், இழு. இந்த இரண்டையும் அறியாமல் குளிரில் கதவோடு போராடும் பிள்ளைகளை ஒவ்வொரு செப்டம்பரிலும் பார்க்கிறேன்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 'புத்தகம் வாங்கினேன்' என்று ஐ இல்லாமல் சொல்கிறோம். 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம், 'அண்ணனைப் பார்த்தேன்' என்போம். ரஷ்ய மொழியிலும் ஆண்பால் சொற்களில் இதே கதைதான். 'யா வீஜு ஸ்தோல்', மேஜையைப் பார்க்கிறேன், சொல் மாறவில்லை. 'யா வீஜு ப்ராத்தா', அண்ணனைப் பார்க்கிறேன்; ப்ராத் என்பது ப்ராத்தா ஆகிவிட்டது. ஒரே வேறுபாடு, அவர்கள் ஆடு மாடு பூனையையும் மனிதர் கணக்கில் சேர்ப்பார்கள்.

வினையில் முற்றுப்பெற்றது, முற்றுப்பெறாதது என்று இரண்டு வகை சொல்லித் தருவார்கள். ஆங்கில விளக்கம் பக்கம் பக்கமாகப் போகும். நமக்கு 'படிச்சேன்', 'படிச்சுட்டேன்' போதும். 'சித்தால்' என்பது முதல் வகை, 'ப்ரச்சித்தால்' என்பது படித்து முடித்துவிட்டது. எல்லா இடத்திலும் இந்த 'விட்டேன்' பொருந்தாது என்றாலும் தொடக்கத்தில் பாதிக்கு மேல் சரியாகவே வரும்.

உச்சரிப்பிலும் தமிழ் உதவும். அவர்களுடைய 'த' நம் பல்லில் படும் 'த'-வேதான். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஸ்டோல்' என்று ட போடாதீர்கள், 'ஸ்தோல்' என்றே சொல்லுங்கள். வெள்ளைக்காரர்கள் திணறும் ஓர் உயிரெழுத்து உண்டு, இகரமும் இல்லாமல் உகரமும் இல்லாமல் நடுவில் நிற்பது. 'பத்து' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவிவதில்லை, அது நம் குற்றியலுகரம். அந்தத் 'து' மட்டும் தனியாகச் சொன்னால் ரஷ்ய மொழியில் 'நீ' என்ற சொல்லுக்கு மிக அருகில் வந்துவிடும். 'நீங்கள்' என்பதற்கும் தனிச் சொல் இருக்கிறது. பெரியவர்களிடம் நம் ஊர் மரியாதையோடு 'நீங்கள்' போடுங்கள். ஆசிரியரையும் நோயாளியையும் பெயரோடு அவர் அப்பா பெயரையும் சேர்த்து அழைப்பது வழக்கம். நாம் தலைப்பெழுத்தாக வைத்திருப்பதை அவர்கள் முழுதாகச் சொல்கிறார்கள். பாசத்தில் பாட்டி என்று அழைத்துவிடாதீர்கள், பலருக்குப் பிடிக்காது.

இடையில் வரும் வல்லினத்தில் மட்டும் கவனம் தேவை. இரண்டு உயிருக்கு நடுவே வருவதை நம் நாக்கு தானாகவே மெலிதாக்கிவிடும். ஒலி கெடாமல் இருக்க மனதுக்குள் இரட்டித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இங்கே 'பாப்பா'. அந்த ப-க்கள் மெலிந்துவிட்டால் பெண்களை மட்டமாகக் குறிக்கும் சொல் ஆகிவிடும்.

தமிழ் கைகொடுக்காத இடங்கள் இரண்டு. முதலாவது பால். நமக்கு மேஜையும் புத்தகமும் ஜன்னலும் அஃறிணை, முடிந்தது. இங்கே மேஜை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை. பெரும்பாலும் சொல்லின் கடைசி ஒலியே காட்டிக்கொடுக்கும்: மெய்யில் முடிந்தால் ஆண், ஆவில் முடிந்தால் பெண், ஓவில் முடிந்தால் மூன்றாவது. இறந்த காலத்தில் பேசுகிறவரின் பாலும் தெரியும். சீனியர் அண்ணன்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நானும் 'யா சித்தால்' என்றே ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் சொல்ல வேண்டியது 'சித்தாலா'. தங்கைகள் கவனியுங்கள்.

இரண்டாவது அழுத்தம். எந்த அசையில் அழுத்துவது என்று எழுத்தில் போட மாட்டார்கள். 'ப்லாச்சு' என்றால் அழுகிறேன், 'ப்லச்சூ' என்றால் பணம் கட்டுகிறேன். அழுத்தம் விழாத ஓ, ஆ ஆகிவிடும். பாலுக்கு எழுத்தில் மூன்று ஓ, வாயில் 'மலக்கோ'. ஒவ்வொரு புதுச் சொல்லையும் காதால் கேட்ட பிறகே நோட்டில் எழுதுங்கள், அழுத்தத்தின் மேல் கோடு போட்டு.

பணம் கட்டுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் வங்கி தந்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து இங்கே செல்லாது. இங்கே கணக்குத் தொடங்கும்வரை ரொக்கம்தான், அதனால் எண்கள் உடனே தேவைப்படும். ஒன்றுக்கு 'ரூப்ல்', இரண்டு முதல் நான்கு வரை 'ரூப்லியா', ஐந்து முதல் இருபது வரை 'ரூப்லேய்', இருபத்தொன்றில் மறுபடி 'ரூப்ல்'. கல்லாவில் இருப்பவர் வேகமாகக் கேட்பது பெரும்பாலும் 'பக்யேத் நூஜென்?', பை வேண்டுமா. வேண்டாம் என்றால் 'நே நாதா'.

ஊரிலிருந்து கிளம்பச் சில மாதம் இருந்தால், சென்னையில் ஆழ்வார்பேட்டை ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் விசாரியுங்கள். வந்த பிறகு தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும், ஆனால் ஒருநாள்கூட விடக்கூடாது. வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வின் தொடக்க நிலைக்கு 780 சொற்கள், அடுத்த நிலைக்கு 1300, அதற்கடுத்ததற்கு 2300. மூன்றாம் ஆண்டுக்குள் அந்த 2300-ஐ எட்டிவிடுங்கள் என்பது என் கோரிக்கை. மெட்ரோவில் போகும்போது காதில் பாட்டை மாட்டிக்கொள்ளாமல் அறிவிப்பைக் கேளுங்கள். 'அஸ்தரோஜ்னா', கவனம், என்ற சொல்லை நான் அங்கேதான் கற்றேன்.

வார்டுக்குப் போகுமுன் இவை நாக்கில் இருக்கட்டும்: 'ஷ்தோ வாஸ் பெஸ்பக்கோயித்?' உங்களுக்கு என்ன தொந்தரவு. 'க்த்யே பலீத்?' எங்கே வலிக்கிறது. 'திஷித்தே', மூச்சு விடுங்கள். 'நே திஷித்தே', மூச்சை நிறுத்துங்கள். பதில் புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். 'பவ்தரீத்தே, பஜாலுஸ்தா', தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். என்னிடம் இதுவரை எந்த நோயாளியும் மாட்டேன் என்று சொன்னதில்லை.