ஆவியாதல் கணக்கு: கொப்பரையில் குறையாதது எது?

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலையில் சர்க்கரை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு பாதி தெரிந்த மாதிரிதான். கொப்பரையில் கொதிக்கும் கரும்புப்பாலிலிருந்து (அதாவது கரும்புச் சாற்றிலிருந்து) நீர் மட்டும் ஆவியாகப் போகிறது. இனிப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது.

கணக்கு: 500 கிலோ கரும்புப்பாலில் எடைப்படி 18 சதவீதம் சர்க்கரை. அது 60 சதவீதப் பாகாக எத்தனை கிலோ நீர் ஆவியாக வேண்டும்?

படி 1: மாறாத பொருளின் எடையை முதலில் எழுதுங்கள். 500 × 18 ÷ 100 = 90 கிலோ சர்க்கரை. (அழுக்கு எடுக்கும்போது கொஞ்சம் போகும்தான், கணக்கில் அதை விட்டுவிடுவோம்.)

படி 2: அதே 90 கிலோதான் பாகில் 60 சதவீதம். எனவே பாகின் எடை 90 × 100 ÷ 60 = 150 கிலோ. பலர் சறுக்குவது இங்கேதான்: 500-க்கு 60 சதவீதம் போட்டு 300 என்று எழுதிவிடுவார்கள். அந்த 60, காய்ச்சி முடித்த பாகின் எடைக்கு உரியது. அந்த எடையோ இன்னும் நமக்குத் தெரியாது.

படி 3: 500 − 150 = 350 கிலோ. இதுதான் விடை.

சரிபார்க்க, நீரை மட்டும் பாருங்கள். முதலில் 410 கிலோ, கடைசியில் 60. வித்தியாசம் 350. சரி.

திருப்பிக் கேட்டாலும் வழி இதேதான். 300 கிலோ ஆவியானால் மிச்சம் 200; 90 ÷ 200 = 45 சதவீதம். அப்புறம், லிட்டரில் போடாதீர்கள்: ஒரு லிட்டர் பாகு ஒரு லிட்டர் சாற்றைவிடக் கனம்.

அடுத்தது திருப்பூர். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்ததால் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இப்போது கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக் கூடாது. சுத்திகரித்தபின் மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கியில் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள்.

100 கிலோ நீரில் 4 சதவீதம் சாதாரண உப்பு என்று வைத்துக்கொள்வோம். உப்பு 4 கிலோ. 8 சதவீதமாக்க, மொத்தம் 50 கிலோவாகக் குறைய வேண்டும். அதாவது 50 கிலோ ஆவியாக வேண்டும். அதை 16 ஆக்க இன்னும் 25 கிலோ போனால் போதும். சதவீதம் இரட்டிக்கும்போதெல்லாம் மொத்த எடை பாதியாகிறது. 4 சதவீதம் ஏற 50 கிலோ என்றால் 8 சதவீதம் ஏற 100 கிலோ என்று நேர்விகிதத்தில் போட்டால், பாத்திரத்தில் ஒன்றுமே மிஞ்சாது!

90 கிலோ ஆவியானால்? மிச்சம் 10 கிலோ, அதில் உப்பு 4. விடை 40 சதவீதம் என்று எழுதத் தோன்றும். ஆனால் அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புதான் கரையும். ஆறிய பின் 6 கிலோ நீரில் சுமார் 2.16 கிலோ கரைந்திருக்கும்; 1.84 கிலோ படிகமாக அடியில் நிற்கும். கரைசலின் செறிவு சுமார் 26 சதவீதம்.