ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்: எந்தக் கண்ணுக்கு எந்த இழை?

பார்லருக்கு வருபவர் மொபைலில் ஒரு போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார். போட்டோவை வாங்கிப் பாருங்கள், அவருக்கு என்ன பிடிக்கிறது என்று தெரியும். ஆனால் ஒட்டப்போகும் ஒவ்வொரு செயற்கை இழையையும் தாங்கப்போவது அவருடைய இமைமுடி. அளவை முடிவு செய்ய வேண்டியது அதைப் பார்த்துத்தான்.

படி 1: உட்கார வைத்துப் பாருங்கள்

படுத்தால் இமைத்தோல் பின்னோக்கிச் சரிந்து கண்ணின் வடிவமே மாறிவிடும். அதனால் மேக்கப்பைக் கலைத்துவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிமை மடிப்பு தெரிகிறதா, அல்லது தோல் அதன்மேல் இறங்கியிருக்கிறதா? கண்ணின் வெளிமுனை கீழ்நோக்கிச் சாய்கிறதா? கண்ணாடி போடுபவர் என்றால் அதைப் போட்டே பாருங்கள்.

கண் சிவந்திருந்தாலோ, இமையில் கட்டியோ செதிலோ இருந்தாலோ அன்று வேலை வேண்டாம். மெட்ராஸ் ஐ வந்தவர் முழுதாகக் குணமான பிறகு வரட்டும். க்ளூவில் இருப்பது சயனோஅக்ரிலேட். அலர்ஜி வருமா என்று அறிய 24 முதல் 48 மணி நேரம் முன்பே வெளிமுனையில் இரண்டு மூன்று இழைகள் மட்டும் ஒட்டிப் பாருங்கள். முன்பு பலமுறை ஒட்டியவருக்கும் இந்த அலர்ஜி புதிதாக வரலாம்.

படி 2: அளவெடுங்கள்

சுத்தமான பிரஷால் இமைமுடியைச் சீவி, உள்முனை, நடு, வெளிமுனை மூன்றிலும் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலிமை முடி பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ. இருக்கும். இப்போதுதான் முளைத்த குட்டி முடிகளில் கனமான இழையை ஒட்ட வேண்டாம்.

படி 3: தடிமன்

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 0.15 மி.மீ.க்கும் 0.20க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இழையின் எடை தடிமனின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஒரே நீளத்தில் 0.10 மி.மீ. இழையைவிட 0.20 இழை நான்கு மடங்கு கனம், 0.15 இழையைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு. இந்தக் கனம் மெல்லிய முடியை வேரோடு இழுக்கும். இது தொடர்ந்தால் அந்த இடத்தில் முடி வளர்வதே குறையும்.

ஆரோக்கியமான முடிக்கு 0.15, மெல்லியதற்கு 0.12 அல்லது 0.10 என்று தொடங்குங்கள். 0.20ஐ ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். மெல்லிய முடிக்காரர் அடர்த்தி கேட்டால் 0.07 இழைகளை விசிறியாகச் சேர்த்து ஒட்டலாம். அப்படி நான்கு சேர்ந்தாலும் ஒரு 0.15 இழையின் எடையை எட்டாது. (பெட்டியில் மிங்க், சில்க் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் எல்லாமே பிபிடி என்ற செயற்கை இழைதான். பெயருக்காக விலை கூடக் கொடுக்காதீர்கள்.)

படி 4: நீளம்

சொந்த முடியைவிட 2 மி.மீ. கூடுதல் போதும், 3ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் நுனி பாரத்தில் இழை திரும்பிக்கொண்டு பக்கவாட்டில் நிற்கும். உள்முனையில் சொந்த முடியின் நீளமே போதும்.

படி 5: வளைவு

இழையின் வளைவை ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். ஜே கிட்டத்தட்ட நேர். பி, சி, டி என்று போகப் போக வளைவு கூடும். எது பொருந்தும் என்று தெரியாத நிலையில் சி பாதுகாப்பான தேர்வு. மேலிமைத் தோல் இறங்கியவருக்கு டி ஒட்டினால் நுனி இமையில் குத்தும்; அவருக்கு எல் பொருந்தும். எல்லின் அடி தட்டையாக இருப்பதால் கீழ்நோக்கி நேராக வளரும் முடியிலும் நன்றாகப் படிந்து ஒட்டும். கண்ணாடிக்காரருக்கு நீளத்தைக் குறையுங்கள், லென்ஸில் இடிக்காது.

படி 6: வரைபடம்

கீழிமையில் ஒட்டிய ஜெல் பேடின் மேல் பேனாவால் பகுதி பிரித்து நீளங்களை எழுதுங்கள். வட்டக் கண்ணுக்கு உள்ளிருந்து 8, 9, 10, 11, 12 என்று வெளிமுனை நோக்கி ஏற்றினால் கண் நீண்டு தெரியும். வெளிமுனை சாய்ந்த கண்ணுக்கு இதையே செய்தால் சோகமான முகம்தான் கிடைக்கும். அங்கே 8, 9, 11, 12, 10 என்று உச்சத்தை முன்னதாகவே முடியுங்கள்.

ஒட்டும்போது ட்வீசரால் ஒரே ஒரு முடியைப் பிரித்தெடுத்து, தோலிலிருந்து 0.5 முதல் 1 மி.மீ. தள்ளி ஒட்டுங்கள். இரண்டு முடி சேர்ந்து ஒட்டிக்கொண்டால், வேகமாக வளர்வது மற்றதை இழுத்து வலிக்க வைக்கும்.

மூன்றே நாளில் உதிர்கிறதா?

முதலில் எண்ணெயைச் சந்தேகியுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வந்திருப்பார், அல்லது இமையோரம் கண் மை மிச்சம் இருந்திருக்கும். ஒட்டும் முன் எண்ணெய் கலக்காத லாஷ் ஷாம்பூவால் கழுவி உலர்த்துவது கட்டாயம். அடுத்தது காற்றின் ஈரம். பெரும்பாலான க்ளூக்கள் 45 முதல் 60 சதவீத ஈரத்துக்குத் தயாரானவை. சென்னை போன்ற கடலோர ஊரில் ஏசி இல்லாமல் வேலை செய்தால், இழை முடியைத் தொடும் முன்பே க்ளூ இறுகிவிடும், சில சமயம் வெளுத்தும் போகும். அறையில் ஈரமானி ஒன்றை வையுங்கள். க்ளூத் துளியை 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வளைவு, தடிமன், நீளம் மூன்றையும் அட்டையில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில், உதிர்ந்த இடங்களை நிரப்பும் ரீஃபிலுக்கு வரும்போது ஒரே கண்ணில் மட்டும் அதிகம் உதிர்ந்திருந்தால், எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார் என்று கேளுங்கள்.