மாலையைக் கழற்றிய பிறகும் குடிக்காமல் இருப்பது எப்படி

நம்ம ஊரில் குடிக்கிறவர் யாரைக் கேட்டாலும் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொல்வார்: "கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டா, மலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன்." உண்மைதான், தொட மாட்டார். நானும் ஐந்து வருடம் அப்படி இருந்தவன். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை, தினமும் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் கணக்கே கிடையாது, ஆனால் மாலை போட்ட 41 நாளும் சரக்கு வாசனை பக்கம் போக மாட்டேன். மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றி, இருமுடிப் பையை வீட்டில் இறக்கி வைத்த அரை மணி நேரத்தில் பழைய இடத்தில் நிற்பேன்.

41 நாள் இருக்க முடிந்தவனுக்கு 42-ஆம் நாள் ஏன் முடியவில்லை? சாமி பார்த்துக்கொண்டார் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்த 41 நாளில் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது, ஒருத்தனும் "வாடா மச்சான், ஒரு கட்டிங்" என்று இழுப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்துவிட்டுப் பூஜைக்கு உட்கார வேண்டும், கடைக்குப் போகிற அந்த நேரம் அப்படியே அடைபட்டுப் போகிறது. கூடவே பத்துப் பேர், தப்பு செய்தால் கேட்க ஒரு குருசாமி, வீட்டில் தனிச் சமையல், தனி மரியாதை. மாலையைக் கழற்றியதும் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடுகிறது. அப்புறம் மனுஷன் விழாமல் என்ன செய்வான்? நான் ஏழு வருடமாகக் குடிக்காமல் இருப்பது, மாலை இல்லாத நாட்களுக்கும் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததால்தான். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று, இதைத் தாண்டிப் போகாதீர்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு வாய் ஊற்றினால்தான் டம்ளரைப் பிடிக்கவே முடிகிறது என்ற நிலையில் இருப்பவர் வீட்டில் உட்கார்ந்து சட்டென்று நிறுத்தக் கூடாது. வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவருடைய மூளை, சரக்கு தருகிற மந்தத்தை ஈடுகட்டத் தன்னைத் தானே முடுக்கி வைத்துப் பழகியிருக்கும். திடீரென்று சரக்கு நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிச்சமாகி ஆளை உலுக்கிவிடும். கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு சுவரில் இல்லாத பூச்சி ஊர்வது தெரியும், எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது, காய்ச்சல் அடிக்கும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். பேய் பிடித்துவிட்டது என்று இப்படிப்பட்டவரை மந்திரிக்கக் கூட்டிப்போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கே, கடைசியாக மாலை போட்ட வருடம் இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. பதறிப்போய் என் மனைவி வாயில் கரண்டியைத் திணித்ததில் பல்லில் ஒரு துண்டு உடைந்தது. வலிப்பு வந்தால் வாயிலும் எதையும் வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆக, தினமும் குடிக்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் டாக்டர். நம்ம சேலம் ஜி.எச்., அதாவது மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "மனநலமா, எனக்கென்ன பைத்தியமா" என்று நானும் வாசலிலேயே நின்று வாதாடினேன். குடிநோயைப் பார்க்கிற பிரிவு அதுதான், அவ்வளவே. நடுக்கமும் வலிப்பும் வராமலிருக்கச் சில நாளைக்கு மாத்திரை கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். குடித்துக் குடித்து உடம்பில் வற்றிப்போன பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். ஆசையை மட்டுப்படுத்த நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகளும் உண்டு. ஈரல் எப்படி இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து டாக்டர்தான் எழுத வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்கு அடியுங்கள், போதை மீட்புக்கான இலவச எண். மனசு ரொம்பத் தளர்ந்து போயிருந்தால் 14416.

"நான் அவ்வளவு குடிப்பதில்லைங்க, ஒரு குவார்ட்டர்தான்" என்பவர்களுக்காக ஒரு கணக்கு. டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லியில் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஒரு யூனிட் என்று டாக்டர்கள் சொல்வது 10 கிராம். அந்தக் குவார்ட்டர் ஆறு யூனிட். பீர்தானே என்றால், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் நான்கு யூனிட் இருக்கிறது.

சரி, இப்போது மாலையின் ஏற்பாட்டுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் முதலில் அந்தச் சாயங்காலம். கடை மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுகிறார்கள், ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து பட்டறை விட்ட ஆறு மணியிலிருந்து எட்டு, எட்டரை வரைதான். நான் முதலில் மாற்றியது வழியை. வீட்டுக்கு நேர் வழியில் கடை இருந்தது, இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போனேன், ஒரு வருடம் முழுக்க. அடுத்தது வயிறு. பசிக்கும் குடிக்கிற ஆசைக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, இதை என்னிடம் முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம். அஞ்சரை மணிக்கே ஒரு தட்டுவடை செட்டோ, ரெண்டு வாழைப்பழமோ, டீயில் கூடக் கொஞ்சம் சர்க்கரையோ உள்ளே போய்விட்டால் பாதி வேகம் இறங்கிவிடும். ஆசை வருவது அலை மாதிரி, ஏறி, உச்சிக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அது தெரியாததால்தான் ராத்திரி பூரா இப்படியே இருக்கும் என்று பயந்து ஓடுகிறோம். அந்த அரை மணிக்குக் குளியல், நடை, போன், எதுவாக இருந்தாலும் சரி. நான் அம்மாப்பேட்டையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய் அவள் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்குக் கணக்கு வராது, அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்பது வேறு கதை.

பணம். வாரச் சம்பளம் சனிக்கிழமை கையில் வந்தால் அது கடைக்குத்தான் போகும். பட்டறை ஓனரிடம் வெட்கத்தை விட்டுப் பேசி, சம்பளத்தை மனைவி கணக்குக்கு ஜிபேயில் போடச் சொன்னேன். பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் சில்லறை. ஆம்பளை மானம் போய்விட்டது என்று ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன், அப்புறம் சரியாகிவிட்டது.

தூக்கம் முதல் சில வாரம் கெட்டுத்தான் இருக்கும், அதற்காக யாரோ சொன்ன தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அரிஷ்டம் என்று பெயர் முடிகிற நாட்டு மருந்துகளில் புளித்து ஊறிய ஆல்கஹால் இருக்கும், சில இருமல் டானிக்கிலும் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

மறுப்பது எப்படி? "விட்டுட்டேன்" என்று சொன்னால் ஒரு கூட்டமே உங்களைச் சோதித்துப் பார்க்க வரும். "மாத்திரை சாப்பிடறேன், டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் தங்காதீர்கள். துக்க வீட்டில் சுடுகாட்டுக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு. ஆடி மாதம் நம்ம ஊருக்கே கஷ்ட காலம், கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, தெருத்தெருவாகக் கிடா வெட்டு, ஒவ்வொரு மாமன் மச்சான் வீட்டிலும் கறிச்சோற்றுக்குப் பின்னால் ஒரு பாட்டில் ஒளிந்திருக்கும். முதல் வருடம் வண்டி வேடிக்கையை மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்த்தேன், தோளில் குழந்தை இருக்கிறவனை யாரும் ஓரமாகக் கூப்பிடுவதில்லை.

ஏற்காடு இன்னொன்று. சேலத்துக்காரனுக்கு ஏற்காடு என்றால் ரூம் போட்டுக் குடிப்பது என்றே ஆகிவிட்டது, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்குள் வண்டியில் மூடி திறந்திருக்கும். "குளிருக்கு ஒரு பெக்" என்பது சுத்தப் பொய். சரக்கு உள்ளே போனால் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் விரிந்து சூடு ஏறியது போலத் தெரியுமே தவிர, உடம்பின் சூடு வெளியே போகத்தான் செய்யும். அந்த மலையை நான் குடிக்காமல் பார்த்ததே நாற்பது வயதில்தான். காலை பஸ்ஸில் குடும்பத்தோடு ஏறி, சேர்வராயன் கோயில் வரை போய், சாயங்காலமே இறங்கிவிட்டோம். முதல் வருடம் மேலே ராத்தங்க வேண்டாம், அதுவும் பழைய செட்டோடு வேண்டவே வேண்டாம்.

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே நம்ம சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1, ராஜாஜி கொண்டுவந்தது. 1971-ல் தமிழ்நாடு முழுக்க அது தளர்ந்தது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில், கடை திறந்திருக்கும்போதே, மலிவு என்று மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பலரை நம்ம ஜி.எச்.சுக்குத்தான் கொண்டுவந்தார்கள். கடை வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுப் போடும்போது பார்த்துக்கொள்வோம், உங்கள் வீட்டுக்காரர் அதுவரை தாங்க மாட்டார்.

இனி கூட இருப்பவர்களுக்கு. அக்கா, தங்கச்சி, அம்மா, யாராக இருந்தாலும் முதல் வேண்டுகோள்: சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்தை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்றே பல நேரம் தெரியாது. டைசல்ஃபிராம் என்று நிஜமான மாத்திரை ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடம்பில் இருக்கும். விஷயம் தெரிந்து, ஒத்துக்கொண்டு, டாக்டர் பார்வையில் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல வேலி. திருட்டுத்தனமாகக் கொடுத்தால் விஷம்.

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள். கயிறு கட்டட்டும், கோயிலுக்குப் போகட்டும், அது அவரவர் நம்பிக்கை, ஆனால் சத்தியம் உடைந்த அன்றைக்கு அந்தக் குற்ற உணர்ச்சியே இன்னொரு குவார்ட்டர் வாங்க வைக்கும். குடித்திருக்கும்போது பேசாதீர்கள், காலையில் பேசுங்கள், நேற்று என்ன நடந்தது என்பதை மட்டும், பத்து வருடக் கதையை இழுக்காமல். அவருக்குக் காய்ச்சல் என்று ஓனருக்குப் பொய் சொல்வதையும், கடைக்கடனை நீங்கள் அடைப்பதையும் நிறுத்துங்கள், அதெல்லாம் அவருக்கு நீங்கள் விரிக்கிற மெத்தை. அடி உதை இருந்தால் பொறுத்துக்கொண்டு திருத்துகிற வேலை வேண்டாம், 181 பெண்களுக்கான உதவி எண், முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருங்கள். நிறுத்தியவரின் பாக்கெட்டைத் தினமும் தடவாதீர்கள், ஊதச் சொல்லாதீர்கள். என் மனைவி அதைச் செய்த மாதங்களில் "எப்படியும் நம்பப் போறதில்ல, குடிச்சாத்தான் என்ன" என்று இரண்டு முறை கடை வாசல் வரை போயிருக்கிறேன்.

மறுபடி குடித்துவிட்டாரா? நடக்கும். "இவ்வளவு நாள் இருந்ததெல்லாம் போச்சே" என்று அழாதீர்கள், அந்த நாட்கள் எங்கேயும் போகவில்லை. எத்தனை மணிக்கு, யாரோடு, அதற்கு முன்னால் சாப்பிட்டாரா, சண்டை போட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று பெரும்பாலும் இருக்கும், அந்த ஓட்டையை அடையுங்கள். தொடர்ந்து பல நாள் குடித்துவிட்டார் என்றால் நிறுத்தும்போது திரும்பவும் டாக்டர்தான்.

கடைசியாக குருசாமி, மாலை இல்லாத நாட்களுக்கும் அப்படி ஒருத்தர் வேண்டும். ஏஏ என்று சொல்கிறார்களே, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அங்கே போனபோதுதான் எனக்கு இது விளங்கியது. கட்டணம் கிடையாது, ஊர் பேர் விசாரிக்க மாட்டார்கள், குடியை நிறுத்த ஆசை இருந்தால் போதும், தமிழிலேயே பேசுகிற கூட்டங்கள் இருக்கின்றன. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. 1935 மே மாதம் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபாரமாகப் போன பில் என்பவர், போன காரியம் கெட்டுப்போய் ஓட்டலில் தனியாக நிற்கிறார், குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது, பக்கத்திலேயே பார். அவர் பாருக்குள் போகாமல் டெலிபோனைத் தேடிப் போய், பேசுவதற்கு இந்த ஊரில் இன்னொரு குடிகாரர் இருக்கிறாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் என்ற டாக்டர். அந்த ஜூன் 10-லிருந்து பாப் குடிக்கவில்லை, அந்தத் தேதியைத்தான் ஏஏ தன் பிறந்த நாள் என்கிறது. பில் போன் செய்தது பாப்பைக் காப்பாற்ற இல்லைங்க, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

அதனால் நீங்கள் ஓரளவு நிலைத்ததும் ஒரு கன்னிசாமியை, அதாவது புதிதாகக் குடியை விட நினைக்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு அறிவுரை சொல்ல வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் போதும். குடித்திருக்கிறவரை அழைத்துவரப் பாருக்குத் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், முதல் வருடம் போகவே வேண்டாம். பணம் கடன் கொடுக்காதீர்கள், சோறு வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் பட்டறையில் ஒரு தம்பி இந்த முறை மாலை போட்டிருக்கிறான். முதல் நாளே அவனை ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கியாகிவிட்டது. தை பிறந்ததும் மாலையைக் கழற்றுகிறான். அன்றைக்கு ஆறு மணிக்கு அவன் வீட்டு வாசலில் என் வண்டி நிற்கும், நேராக எங்கள் வீடு, சப்பாத்தியும் குருமாவும் சொல்லி வைத்திருக்கிறேன், பத்து மணிக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். மறுநாள் அவன் மாமா பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார், அதற்கு மறுநாளுக்குத்தான் இன்னும் ஆள் சிக்கவில்லை.