முருங்கையில் வந்த மஞ்சள் குருவி யார்?

தை முடிந்து முருங்கை பூத்துவிட்டால் என் கைப்பேசிக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். “அக்கா, மஞ்சளாக ஒரு குருவி. என்ன பெயர்?” அனுப்புகிறவர்கள் சொந்தக்காரர்கள், உடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள், நான் பாடம் நடத்திய பிள்ளைகள். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுத் தோட்டத்துக்கு வரும் சின்ன மஞ்சள் குருவி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: மாம்பழச்சிட்டு, பெண் தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி. படத்தை வைத்து இவற்றைப் பிரிக்க நான் பழகிய வழியைச் சொல்கிறேன்.

முதலில், எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அழகான ஒன்றை மட்டும் வெட்டி, பளிச்சென்று நிறம் ஏற்றி அனுப்புவார்கள். நமக்கு வேண்டியது பறவை திரும்பிய, பறக்க எழும்பிய, பாதி இலையில் மறைந்த படங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் குறைந்துவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எந்த மரம் என்பதையும் கேளுங்கள். பத்து விநாடி வீடியோ இருந்தால் இன்னும் நல்லது, குரலும் கிடைக்கும்.

படத்தைத் திறந்ததும் கண் நிறத்துக்குத்தான் ஓடும். அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். வேப்பிலை வழியாக இறங்கும் வெயிலில் வெள்ளை வயிறுகூட மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும்; அப்படித் தெரிந்த தையல்சிட்டை ‘மஞ்சள் குருவி’ என்று பலர் அனுப்பியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் இதற்கு நேர்மாறாக, நல்ல மஞ்சள் வெளுத்துப்போகும். தேன் குடித்த பறவையின் நெற்றியில் மகரந்தம் ஒட்டி, இல்லாத மஞ்சள் பட்டை ஒன்று தோன்றுவதும் உண்டு.

ஆகவே அலகில் தொடங்குங்கள். மெலிந்து, நீண்டு, அரிவாள் போலக் கீழ்நோக்கி வளைந்திருந்தால் தேன்சிட்டு. நேராக, கூராக, சற்றுத் தடித்து, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்தால் மாம்பழச்சிட்டு. குட்டையாக, மெலிதாக, கறுப்பாக இருந்து கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை வளையமும் இருந்தால் வெள்ளைக்கண்ணி. அதற்கு மேல் தேட வேண்டாம். பறவை நேராகக் கேமராவைப் பார்த்தால் வளைந்த அலகும் நேராகத் தெரியும். பக்கவாட்டுப் படம் வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது இறக்கை. மாம்பழச்சிட்டின் இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கும். இனப்பெருக்க காலத்து ஆணுக்குக் கறுப்பு இறக்கையில் அவை பளிச்சென்று தெரியும். பெண்ணுக்கு மங்கிய பச்சையில் மெலிதாகத் தெரியும். பெண் தேன்சிட்டுக்கு இந்தக் கோடுகள் கிடையாது. சென்ற ஆண்டு என் சித்தி மகள் அனுப்பிய முதல் இரண்டு படங்களைப் பார்த்துப் பெண் தேன்சிட்டு என்று சொல்லிவிட்டேன். அலகு இலைக்குப் பின்னால் இருந்தது. மஞ்சள் வயிற்றைப் பார்த்து முடிவு கட்டியது என் தவறு. மங்கலாக இருக்கிறது என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த மூன்றாவது படத்தில் இரண்டு கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. அன்றே திருத்திச் சொன்னேன். ஒரே படத்தில் மட்டும் கோடு தெரிந்தால் வெயில் பட்ட மினுக்கமா என்று பார்ப்பேன்; அதில் மேலும் கீழுமாக இரண்டு இருந்தன, பறவையும் நிழலில்தான் இருந்தது.

தேன்சிட்டு என்று உறுதியானால் தொண்டைக்கு வாருங்கள். தொண்டை சாம்பல் கலந்த வெள்ளையாகவும் மார்பு மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரே மஞ்சளாக இருந்தால் ஊதாத் தேன்சிட்டின் பெண். அதே மஞ்சளின் நடுவில் தொண்டையிலிருந்து கறுப்புக் கோடு ஒன்று இறங்கினால் அது ஆண். இனப்பெருக்க காலம் முடிந்து உடை மாற்றிக்கொண்ட ஆண் அல்லது இளம் ஆண். அலகு மிக நீளமாக, ஆழமாக வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டா என்று பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அது.

அளவுக்கு அருகில் இருக்கும் இலையும் பூவும் உதவும். தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் ஏறக்குறைய 10 செ.மீ. மாம்பழச்சிட்டு 14 செ.மீ. அளவில், சிட்டுக்குருவியை ஒட்டி இருக்கும். முருங்கைக் கொத்தில் ஒன்றை ஒன்று அடுத்து வந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். தனியாக இருக்கும் படத்தில் இதை மட்டும் நம்ப மாட்டேன்.

தரையில் வாலை ஆட்டி நடந்தால் வாலாட்டி. தடித்த அலகும் மஞ்சள் உச்சியும் கறுத்த முகமுமாக இருந்தால் ஆண் தூக்கணாங்குருவி. மாங்குயில் மைனா அளவு பெரியது. இந்தக் கணக்கில் சேராது.

ஒன்றை மட்டும் மிகவும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டருகே போய்ப் படம் எடுக்காதீர்கள். மாம்பழச்சிட்டு சிலந்தி நூலால் பிணைத்துக் கிளைக் கவட்டில் கட்டும் கிண்ணம் மிகச் சிறியது. நாம் விலக்கும் ஒரு கொப்பு காக்கைக்கு வழிகாட்டிவிடும். என் மாணவன் ஒருவன் ஆசையாக அனுப்பிய கூட்டுப் படத்துக்கு நான் பெயர் சொல்லவில்லை. இனி அந்த மரத்தடிக்குப் போகாதே என்று மட்டும் சொன்னேன்.

நேற்றும் ஒரு படம் வந்தது. முருங்கைப் பூவுக்குள் தலையை நுழைத்திருந்தது. ஓரத்தில் அலகின் வளைவு தெரிந்தது, தொண்டை தெரியவில்லை. “பெண் தேன்சிட்டாக இருக்கலாம், எந்த இனம் என்று சொல்ல முடியாது” என்று பதில் எழுதினேன். காலை ஏழு மணிக்கு அதே கிளைக்கு வருகிறதாம். தள்ளி நின்று தொண்டையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.